அளவுப் புத்தகம், பக்கம் பதினொன்று

புயல் சேதப் படிவத்தில்
கட்டட வகைக்கு மூன்றே கட்டம்:
கூரை, ஓடு, கான்கிரீட்.
வெளிப்பாளையத்தில் கருவேல முள்ளுக்கு நடுவே
இந்த மரக்கோயில் முன்னால் நின்று
கூரை என்று எழுதினேன், அடித்தேன்.

சாவி ஏலிக்குட்டியிடம்.
பெரியாஸ்பத்திரி நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர்.
தோள் கொடுத்துத்தான் கதவைத் திறந்தார்.
செருப்பை வெளியே விடச் சொன்னார்.
மணி பன்னிரண்டே முக்கால்.
உள்ளே பலகை குளிர்ந்து கிடந்தது.

அண்ணாந்து பார்த்தேன்.
உச்சியில் மடிய வேண்டிய கூரை மடியவில்லை.
பழைய ரயில்பெட்டியின் உட்புறம் போல
ஒரே வளைவாய்ப் போய் மறுபக்கம் இறங்குகிறது.
கழுந்து, காடி, மர முளை.
ஆணி ஒன்றுகூட இல்லை என்றார்.
ஒன்று இருந்தது. காலண்டர் மாட்டியிருந்தது.

அப்போது ரயில்பட்டறை இங்கே இருந்தது.
பெட்டி கட்டக் கோட்டயத்திலிருந்து வந்தவர்கள்
பதினான்கு பேர், ஆர்த்தடாக்ஸ் சபை.
ஞாயிற்றுக்கிழமை நிற்க ஓர் இடம் இல்லை.
நாகூர் செய்யது மீரான் மரைக்காயர்
மோல்மீன் கப்பலில் இறக்கிய தேக்கைக்
கடனாகக் கொடுத்தாராம்.
சம்பளத்துக்குச் சம்பளம் ஆளுக்கு எட்டணா.

பட்டறை பொன்மலைக்குப் போனது.
ஆட்களும் போனார்கள்.
மூன்றாவது உத்தரத்தில்
மரைக்காயர் கணக்குப்பிள்ளை தாரில் எழுதியது
போகவில்லை:
பாக்கி ரூ. ௪௱௰௨.
வார்னிஷ் அடித்தவர்களெல்லாம்
அந்த முழ நீளத்தைத் தொடாமல்
சுற்றியே அடித்திருக்கிறார்கள்.

கிழக்கே மூன்று படி, மத்பஹா, சிவப்புத் திரை.
திரைக்குள் நான் போகக்கூடாது.
டேப்பின் முனையை ஏலிக்குட்டியிடம் நீட்டினேன்.
நானும்தான் போகக்கூடாது என்றார்.
வெளியே சுற்றி வந்து அளந்து
சுவரின் கனத்தைக் கழித்தேன்.
அந்த ஓர் எண் மட்டும் பென்சிலில்.

வெளியே வேறொன்று.
கருங்கல் அடித்தளம் கிழக்கே ஒரு சாண் வெறுமையாய்,
மேற்கே வாசற்படி பாதி
கதவுக்கு அடியில்.
ஓர் ஐப்பசியில் கடல் இடுப்பளவு வந்ததாம்.
கல் கட்டடங்கள் நின்று விரிசல் கண்டன.
இது மிதந்தது.
தண்ணீர் வடிந்ததும் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தது.
பழைய இடத்துக்கு இழுக்கலாம் என்று
திருச்சியிலிருந்து வந்த அச்சன் சொன்னதற்கு,
உட்கார்ந்ததை ஏன் எழுப்ப வேண்டும் என்றாராம்
ஏலிக்குட்டியின் மாமனார்.

கரையான்: வடக்குச் சுவர், மூன்றாம் பலகை வரை.
சாய்வு: இல்லை.
கதவு உயரம் 2743.
தூண் இடைவெளி 4877.
சன்னல் அகலம் 610.
ஒன்றும் முழுசாய் வரவில்லை.
அடியிலும் அங்குலத்திலும் பிறந்த கட்டடம்
மில்லிமீட்டருக்குள் அடங்காமல் பிதுங்குகிறது.

தரையில் இரண்டு கருமரக் கோடுகள் பதித்திருக்கிறது,
வாசலிலிருந்து திரை வரை.
ஆண்கள் தெற்கே, பெண்கள் வடக்கே, நடுவில் வழி.
உள்விளிம்பிலிருந்து உள்விளிம்பு அளந்தேன்.
1000.
மண்டியிட்டு வேறோர் இடத்தில் அளந்தேன்.
1000.
மீட்டர் கேஜ்.

யாரிடமும் சொல்லாமல் செய்திருப்பார்களா,
இல்லை, வாரத்துக்கு ஆறு நாள் பழகிய கை
ஏழாம் நாளும் அதையே போட்டுவிட்டதா?

கல்யாணத்துக்கு இந்த வழியாகத்தான் வந்தேன்,
சாண்டியைத் தூக்கிக்கொண்டு போனதும் இதிலேதான்,
என்றார் ஏலிக்குட்டி, அதற்குமேல் பேசாமல்
பூட்டைத் தேடினார்.

பரிந்துரை என்ற கட்டம் இன்னும் காலி.
டேப்பைச் சுருட்டும்போது கேட்டார்:
உன் செல்லில் கணக்குப் போடலாமே,
அந்த நானூற்றுப் பன்னிரண்டு
இன்றைக்கு வட்டியோடு எவ்வளவு?

என்ன வட்டி என்று கேட்டேன்.
எழுதவில்லையே என்றார்.

மரைக்காயர் வட்டி வாங்கியிருக்க மாட்டார்.
நானூற்றுப் பன்னிரண்டுதான், என்றேன்.