ஊசிப் பதிவேடு

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில்
குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே
கண்ணாடி போட்ட பலகை.
புகார்க் குழு. நாலு பெயர். மூன்றாவது நான்:
பொ. சரளாதேவி, மேல்தையல், தொழிலாளர் உறுப்பினர்.
வெளிநாட்டு ஆடிட் வந்த அன்று மாட்டினார்கள்.
என்னைக் கேட்கவில்லை.
இனிஷியல் கூடத் தப்பு, என் அப்பா கோவிந்தன்.

எட்டு மாதம் அந்தப் பெயருக்குக் கீழே குனிந்து
பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன்.

மோனிஷா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
பேரணாம்பட்டு பஸ் கிளம்ப ஏழு நிமிஷம்.
"பலகைல கீறது உன் பேர்தானக்கா?"
ஆமாம் என்று சொல்வதற்கு
கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன்.
அதையும் எழுதத்தான் வேண்டும்.

தையல் பார்க்கிறேன் என்று சூப்பர்வைசர் குனிவது,
குனிந்தவன் நிமிராதது,
நாற்காலி முதுகில் வைத்த கை
நாற்காலியில் இல்லாதது.
ராத்திரி பதினொன்றுக்கு "சாப்டியா".
பதில் போடாத மறுநாள்
அவள் தைத்த நாற்பது ஜோடி ரிஜெக்ட்.
"திட்னாகூட பரவால்லக்கா. சிரிக்கிறான்.
வூட்ல சொன்னா வேலைய வுட்டு நின்னுடுன்னுவாங்க.
நான் நிக்கணுமா, அவன் நிக்கணுமா?"

சட்டம் எனக்குத் தெரியாது.
தெரிந்தது ஒரே பதிவேடு.

எங்கள் கம்பெனியில் ஊசி உடைந்தால்
மெஷின் நிற்கும்.
தேதி, நேரம், மெஷின் நம்பர், பக்கத்தில் யார்.
துண்டுகளைப் பொறுக்கித் தாளில் ஒட்டி
டேப் போட வேண்டும்.
ஒன்று குறைந்தாலும் காந்தத்தைக் கயிற்றில் கட்டித்
தரை முழுக்க இழுப்போம்,
எங்கோ ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் பாதத்தில்
குத்திவிடக் கூடாதென்று.
சரிதான். குத்தக் கூடாதுதான்.

அன்று பஸ்ஸை விட்டோம்.
சொல்யூஷன் நெடி அடங்காத ஹாலில்
ஊசித் தாள் ஒன்றை உருவினேன்.
மெஷின் 27. பக்கத்தில் சபுரா, 26.
போனில் வந்தவற்றை அழிக்காதே என்றேன்.
"துண்டுகள் எத்தனை" என்ற கட்டத்தில்
மோனிஷாவின் பேனா நின்றது.
டியூப்லைட்டை ஒவ்வொன்றாக வாட்ச்மேன் அணைத்துக்கொண்டு வந்தார்.
"நெனவுல கீறது ஆறு" என்று எழுதினாள்.

காலையில் சபுரா,
முகத்தைப் பார்க்காமல் கை மட்டும் நீட்டி:
"எனக்கும் ஒரு தாள் குடு."
பத்து மணி டீக்குள் ஒன்பது தாள்.
ஒன்றில் தேதி மூன்று வருஷம் பழசு.
அதை எழுதியவள் பெயரை நான் சொல்லமாட்டேன்.

ஹெச்.ஆர். மேடம் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.
"இது ஊசி ஃபாரம் ஆச்சே."
"ஆமாம் மேடம். துண்டு கிடைக்காம மெஷின் ஓட்டக்கூடாதுன்னு
நீங்கதான ட்ரெய்னிங் குடுத்தீங்க."
நாற்பது நிமிஷம் மூன்றாவது லைன் ஓடவில்லை.
அந்த நிசப்தத்தில் மேலே ஃபேன் கிறீச்சிடுவது
பதினோரு வருஷத்தில் முதன்முறை கேட்டது.

விசாரணை நடக்கிறது.
பலகையின் நாலாவது பெயர்
வேலூரிலிருந்து வருகிற வக்கீலம்மா.
அவரையும் இப்போதுதான் பார்க்கிறேன்.
மோனிஷா 27-இலேயே உட்கார்ந்திருக்கிறாள்.
சில நாள் டார்கெட்டைத் தாண்டுகிறாள்,
சில நாள் நூல் கோக்கவே கை வரவில்லை.

அவனை இரண்டாம் யூனிட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள்,
தற்காலிகமாக.

ஞாயிறு ஓவர்டைமில் அங்கே போனேன்.
குழாய்க்கு மேலே அதே கண்ணாடி, அதே நாலு வரி.
மூன்றாவது பெயரைத் தேடிப் பிடித்தேன்:
தேன்மொழி, கட்டிங்.
தோல் தூசி படிந்த முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு
அவள் கேட்டாள்,
"எந்தப் பலகைக்கா?"