கைக்காசு

நாலு மணிக்கே லயத்தில் லைட்டைப் போட்டு
இடது கையால் வலது கைக்குச் சட்டை மாட்டுவேன்.
சும்மா வராது அது.
பெரட்டுக்குப் பிந்தி வந்த ஆள் மாதிரி
தோளுக்குப் பின்னாலேயே நிற்கும்.

பொகவந்தலாவையில் ஏறி, ஹட்டனில் மாறி,
கினிகத்தேனை வளைவுகளில்
அந்தக் கை உருண்டு போகாமல் மடியில் பிடித்துக்கொண்டு
கண்டிக்குப் போய்ச் சேர ஒன்பதரை.
"எத்தனை பேர், அக்கா?" என்பான் கொண்டக்டர்.
அரைப்பேர் என்று சொல்ல வாய் வரும்.
சொல்வதில்லை.

போன மாசியில், தராசடியில்தான் நடந்தது.
கொழுந்தைக் கொட்டக் குனிந்தேன், வலது கை வரவில்லை.
வாயும் ஒரு பக்கம் போனது.
"தராசில் சாயாதே!" என்று அதட்டினார் கணக்கப்பிள்ளை.
நிறை கூட்டப் பார்க்கிறேன் என்று நினைத்திருக்கிறார்.

மூன்றாம் மாடியில் இருக்கிறது மிஷின்.
மேசை மேல் ஓடும் வெள்ளை இரும்புக் கை,
முழங்கைக்கு ஒரு தொட்டில், விரல்களுக்கு அஞ்சு வார்.
தில்ருக்ஷி மிஸ் கட்டிவிடுவார்.
எனக்கு அரைச் சிங்களம், அவருக்கு அரைத் தமிழ்,
சேர்த்தால் ஒரு பாஷை ஆகிவிடும்.

திரையில் ஒரு மரம், ஆப்பிள் பழுத்துக் கிடக்கும்.
பறித்துக் கூடையில் போட வேண்டும்.
முப்பத்தோரு வருஷம்
இருபத்திரண்டாம் நம்பர் மலையில் பறித்தவளுக்கு
இதுதான் வைத்தியம்.
இந்தக் கூடை நெற்றியை இழுக்காது, அவ்வளவுதான்.

தொடங்குவது நான். பாதியில் கை நின்றுவிடும்,
வழுக்குச் சரிவில் கால் வைக்கப் பயந்த
புதுப்பிள்ளை மாதிரி.
அப்போது மிஷின் அடியில் தாங்கும், மெல்ல.
மோட்டர் முனகல் காதுக்குக் கேட்காது,
எலும்புக்குத் தெரியும்.
ஆப்பிள் கூடையில் விழும்.
பறித்தது யார்?

அதற்கும் கணக்கு இருக்கிறது.
கடைசியில் ரெண்டு நிறத்தில் ஒரு கோடு வரும்:
நீலம் மிஷின் தூக்கியது, பச்சை நான்.
அறுபத்தெட்டு. முப்பத்திரண்டு.
ஈரத்துக்கு ரெண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ என்று
கழித்துக் கழித்து எழுதிய நாட்களில்
எதற்கு எவ்வளவு என்று எனக்கு யாரும் காட்டியதில்லை.
இது காட்டுகிறது.
அதனால் இதன் மேல் கொஞ்சம் மரியாதை.

ஆனாலும் முப்பத்திரண்டு
அரைப்பேருக்கும் காணாது.

அன்றைக்கு விடியலிலிருந்தே மழை.
பதினோராவது ஆப்பிளுக்கு நீட்டியபோது கரண்ட் போனது.
திரை கறுத்தது. இரும்பு பாதி வழியில் நின்றது.
டோர்ச் தேடி மிஸ் வெளியே ஓடினார்.
இருட்டில், ஒரே வாரில் கட்டுண்டு
நானும் அதுவும்.
ரெண்டு பேருக்கும் பக்கவாதம்.

ஆப்பிள் இருந்த இடம் மட்டும்
கண்ணுக்குள் இன்னும் சிவப்பாக இருந்தது.
அங்கே போ என்றேன், பழக்கதோஷத்தில்.
போனது.
ரெண்டு விரற்கடை. மூன்றும் இருக்கலாம்.
செத்த இரும்பையும் கூட இழுத்துக்கொண்டு.
பெருவிரலும் சுட்டுவிரலும்
கிள்ளுகிற தூரம்வரை வந்து
நின்றன. தொடவில்லை.

ஜெனரேட்டர் உறுமியது, லைட் வந்தது.
முதலிலிருந்து மரம். கூடை காலி. சைபர்.
"அம்மா பயமா?" என்று ஓடி வந்தார் மிஸ்.
இல்லை என்றேன்.
வேறொன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பறிக்கும் கொழுந்து
செக்றோலில் ஏறாது. பேர் விழாது, பிடிப்பும் இல்லை.
அந்தியில் எண்ணி உள்ளங்கையில் வைப்பார்கள்.
கைக்காசு என்போம்.
வீட்டுக்காரருக்குத் தெரியாமல்
அது அரிசி டின்னுக்குள் போகும்.

திரும்பும்போது கினிகத்தேனையில் பனிமூட்டம்.
மடியில் கிடந்த கையைப் பார்த்தேன்.
வழக்கம்போல இறுக மூடியிருந்தது.
வழி முழுக்க விரித்து விரித்து விடச் சொல்லியிருக்கிறார் மிஸ்.
ஹட்டன் வரும்வரை
விரிக்கவில்லை நான்.