வாங்கு

எழுத்துக்கு இரண்டு ரூபாய்.
புள்ளிக்குக் காசில்லை.
எழுகடல் தெருவில் பாத்திரக் கடை வாசலில்
ஒரு ஸ்டூல், ஊசி மிஷின், டேபிள் ஃபேன்,
நான், ஜெயக்கொடி.
இது இன்னாருடையது என்று
குடத்தின் கழுத்திலும் தாம்பாள விளிம்பிலும்
நாளுக்கு நாற்பது தடவை எழுதிக்கொடுப்பவள்.

போன ஆனி முகூர்த்தத்தில் மணிக்கட்டு வீங்கியது.
தவணையில் ஒரு சின்ன லேசர் எடுத்தேன்.
அதற்கொரு ஆப்.
போனில் விரலால் எழுதினால்
எவர்சில்வரில் அப்படியே இறங்கும்.
‘ஒரே கட்டணம், ஆயுளுக்கும்’
இரண்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.
பச்சைப் பொத்தானில்
‘வாங்கு’ என்றிருந்தது.
வாங்கினேன்.

ராத்திரி சோறு வடித்து வைத்துவிட்டு
ஒவ்வொரு எழுத்தாய் வரைந்து ஏற்றினேன்.
என் ழ-வுக்கு ஒரு வால் உண்டு,
கீழே போய் ஒரு சுழி சுழித்துத் திரும்பும்.
ணி-க்கு மட்டும் மூன்று ராத்திரி.
ஙௌ-வை விட்டுவிட்டேன்,
யார் பேரில் அது வருகிறது.
மொத்தம் நூற்று அறுபத்திரண்டு.

தை பிறந்து முதல் முகூர்த்தம்.
செல்லூர்க்காரர் கல்யாணத்துக்கு
தாம்பூலக் கிண்ணம் முன்னூறு, நாளைக்குள்.
ஆப்பைத் திறந்தால்
கம்பெனி கைமாறிவிட்டதாம்,
இனி மாதச் சந்தா முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பதாம்.
கீழே சின்ன எழுத்தில்
உங்கள் எழுத்துகள் பத்திரமாக உள்ளன.
பத்திரமாகத்தான் இருக்கும்,
அடகுக் கடையில் தாலி இருக்கிற மாதிரி.

ஆயுளுக்கும் என்றீர்களே, என்று எழுதிக் கேட்டேன்.
செயலியின் ஆயுளுக்கு, மேடம்.
நீங்கள் வாங்கியது செயலியை அல்ல,
பயன்படுத்தும் அனுமதியை.

யோசித்தால்
பொத்தான் பொய் சொல்லவில்லை.
கடனும் வாங்குகிறோம்.
பக்கத்து வீட்டில் இரவல் வாங்குகிறோம்.
வசவு வாங்குகிறோம்.
மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது,
அதையும் அப்போதைக்கப்போதே
திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

அன்றைக்கு மத்தியானம்
பேரையூரிலிருந்து ஒருத்தி, தலையில் பித்தளை அண்டா.
ஏலத்தில் எடுத்ததாம். ரசீது இருக்கிறதாம்.
வயிற்றில் பழைய பேர்:
பா. செல்லக்கிளி, 3-9-98.
இதை அடிச்சிட்டு என் பேரப் போடு, என்றாள்.
அடிக்க மனசு வரவில்லை.
அடியில் எழுதித் தந்தேன்.
செல்லக்கிளிக்கு வட்டி கட்ட முடியாமல் போயிருக்கும்.
ஆனாலும்
ஏலத்துக்கு முன்னால் ஒரு நோட்டீஸ் வந்திருக்கும்,
அவள் கையால் வாங்கியிருப்பாள்,
இரண்டு நாள் அழக்கூட நேரம் கிடைத்திருக்கும்.
என்னுடையது போனபோது
போன் சார்ஜில் கிடந்தது.
நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுத
கடைப் பையன் அலாவுதீன்தான் துணை.
எதிர்மனுதாரர் முகவரி?
ஒரு மெயில் ஐடி இருக்கிறது, தெரு இல்லை.
பொருளா, சேவையா?
பேனா அங்கேயே நின்றது.
பொருள் தற்போது யார் வசம்?
அக்கா, என்னக்கா போடறது?
ரசீது நகல், ஸ்கிரீன்ஷாட் நாலு,
‘ஆயுளுக்கும்’ மேல் சிவப்பு மையில் ஒரு வட்டம்.
அடுத்த மாதம் பதினேழு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

முன்னூறு கிண்ணத்தையும்
ஊசியாலேயே வெட்டினேன்.
விடிகிற நேரத்தில் இருநூறைத் தாண்டியபோது
ழ-வின் வால் கோணிக்கொண்டு போனது,
செல்லூர்க்காரர் கவனிக்கவில்லை.

எல்லாம் அட்டைப் பெட்டியில் ஏறியபின்
அலாவுதீன் தன் போனைக் கவிழ்த்து வைத்தான்.
பின்னாடி என் பேர் வெட்டுக்கா.
வெட்டினேன்.
ஊதித் துடைத்துப் பார்த்தான்.
உள்ள இருக்கறதுக்கு?

உள்ள ஊசி இறங்காதுடா.
அஞ்சு எழுத்து,
பத்து ரூபாய் எடு.