ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மெச்

மஸ்கெலியாவுக்கு வெயில் பத்து மணிக்குத்தான் வந்தது.
ஒரே பிட்டி, ஒரே நாள், இரண்டு மெச்.
ஆளுக்கு ஆறு ஓவர்.
தேயிலைக்குள் விழுந்தால் சிக்ஸர்,
தோற்றவர்கள் ரொட்டி வாங்க வேண்டும்.

முதல் மெச்சில் கடைசிப் பந்துக்கு நாலு.
கணுக்காலில் அட்டை கடித்த இடம் இன்னும் வடிய
கிங்ஸ்லி கண்ணை மூடிக்கொண்டு சுழற்றினான்.
ஸ்டோர் தகரத்தில் பந்து விழுந்த சத்தம்
எங்களுக்கு முன்னால்
லயத்து நாய்களுக்குக் கேட்டது.

நான் அடிக்கிறவள் இல்லை, எழுதுகிறவள்.
பழைய கொழுந்துக் கணக்குக் கொப்பியின் பின்பக்கம்.
அந்தச் சிக்ஸருக்கு அடியில்
யாரோ பறித்த பதினெட்டுக் கிலோ
மங்கலாகத் தெரிகிறது.

இரண்டாவது மெச்சுக்குப் பனியும் இறங்கியது.
முதலில் ஸ்கொயர் லெக் காணாமல் போனான்,
பிறகு அம்பயர்.
கடைசிப் பந்து. மேல்பிரிவுக்கு ஐந்து வேண்டும்.
அடித்தது கேட்டது, போனது தெரியவில்லை.
பெரியண்ணன் வெள்ளைக்குள் ஓடினான்.
கொஞ்ச நேரம் காலடி மட்டும்.
அப்புறம் அதுவும் இல்லை.

பந்தோடு வந்தான்.

அவுட்டு அவுட்டு என்று அலறினோம்.
கிங்ஸ்லி அவனைத் தூக்கியே விட்டான்.
தோளில் இருந்தபடி சொன்னான்:
"இறக்குடா. தேயிலைக்கு அடியிலதான் எடுத்தேன்."

ஆறு என்று எழுதினேன்.
பென்சில் முனை உடைந்தது.

காலையில் அவர்கள் வாங்கித் தந்த ரொட்டியை
மாலையில் நாங்கள் திருப்பிக் கொடுத்தோம்.
பெரியண்ணனோடு யாரும் பேசவில்லை.
சம்பலை மட்டும்
அவன் பக்கம் தள்ளி வைத்தான் கிங்ஸ்லி.