எந்தச் சிவப்பு

மழை விட்ட மறுநிமிடம் உள்ளே வந்தாள்.
கைப்பையில் குடை இல்லை,
ஒரு ஒயின் பாட்டில் இருந்தது.

திபிலிசி ரயில்நிலையச் சதுக்கத்தில்
பதினோரு வருடமாக மடிக்கணினி விற்கிறேன்.
பேரம் பேச வருபவர்களைத் தெரியும்.
விலைச்சீட்டை மட்டும் தடவிவிட்டு
நாளை வருகிறேன் என்பவர்களைத் தெரியும்.
பாட்டிலோடு யாரும் வந்ததில்லை.

பெயர் எலிசோ, அது பிறகு தவணைப் படிவத்தில் தெரிந்தது.
கக்கேத்தியின் சின்னத் திராட்சைத் தோட்டங்களுக்கு
லேபிள் வரைகிறவள்.
பாட்டிலில் சபெராவி. எங்கள் மொழியில்
சாயம் என்றே பொருள் அந்தத் திராட்சைக்கு.
"நான் அனுப்பிய சிவப்பு ஒன்று,
அச்சில் வந்த சிவப்பு வேறு.
நாலாயிரம் லேபிள் குப்பைக்குப் போயிற்று.
என் திரை பொய் சொல்கிறது."

மனப்பாடத்தை ஆரம்பித்தேன்:
பதினாறு ஜிபி, முப்பத்திரண்டு ஜிபி, தனி கிராபிக்ஸ் கார்டு...
கையமர்த்திவிட்டு பென் டிரைவை எடுத்தாள்.
வரிசையில் நின்ற ஆறிலும்
ஒரே படத்தைத் திறந்தாள்.

ஆறு சிவப்பு.
ஒன்று செங்கல். ஒன்று தக்காளிச் சாறு.
மூன்றாவது, கேம் ஆடும் பையன்களுக்கென்று செய்தது,
தீயணைப்பு வண்டியாக அலறியது.
நாலாவதில் ஆறிப்போன பீட்ரூட்.
ஐந்தாவதன் முன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்
கண்ணைச் சுருக்கினாள். பேசவில்லை.
ஆறாவதைப் பார்க்கவே இல்லை. நான்
அன்றைக்குத் தள்ளிவிட வேண்டிய சரக்கு அதுதான்.

"கனம்?"
ஒன்றரைக் கிலோ, என்றேன்.
மூடித் தூக்கி, இடுப்பில் இடுக்கிப் பார்த்தாள்.
அவள் கட்டடத்து லிஃப்ட் காசு போட்டால்தான் ஏறும்,
போட்டாலும் பாதி நாள் ஏறாது. ஆறாவது மாடி.
பகலில் லேபிள், ராத்திரியில் கேஸ் பில்,
பையனின் கணக்குப் பாடம்,
ஞாயிறானால் அம்மா.
அம்மா இத்தாலியில், பாரி நகரத்தில்
யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டித் தூங்கவைக்கிறாள்.
"பழைய திரையில் மஞ்சளாகத் தெரிவாள்.
எல்லாமே அதில் கொஞ்சம் மஞ்சள்."

கூப்பிட்டுத்தான் பாருங்களேன், என்றேன்.
வியாபாரத்தில் இது பலித்த உத்தி.
சொந்த முகம் தெரிந்த கணினியை
யாரும் விட்டுவிட்டுப் போவதில்லை.

அம்மா வந்தாள்.
பின்னால் சுவர் வெள்ளை.
தோளில் போட்டிருந்த துண்டு வெள்ளை.
மேசைமேல் பால், பால் நிறத்தில்.
கண்ணில் வெள்ளை இருக்கவேண்டிய இடத்தில் மட்டும்
வேறென்னவோ.

"டாக்டரிடம் போனாயா?"
"உன் திரை அப்படி. மாற்று மாற்று என்று
எத்தனை தடவை சொல்வது?"
"மாற்றிவிட்டேன், அம்மா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
கிழவர் இருமுவது மட்டும் கேட்டது.

அவர்கள் கேமராவின் கோளாறாக இருக்கலாம், என்றேன்.
நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.
படிவத்தில் பெயரோடு நிறுத்திவிட்டுப் பேனாவை மூடினாள்.
பாரிக்கு நேர் விமானம் உண்டா என்று
என்னிடம் கேட்டாள், கணினி விற்பவனிடம்.

பாட்டிலை மறந்துவிட்டுப் போய்விட்டாள்.
ஒன்பது மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஐந்தாவதன் முன் தூக்கிப் பிடித்தேன்,
அவளைப் போலவே கண்ணைச் சுருக்கி.

சரியாகத்தான் இருந்தது.