தலைக்கு இவ்வளவு

தொகைமதிப்பு எடுத்த காலை
சோளகம் புழுதியை வாரி அடித்தது.
ஐம்பது பேர் வந்திருந்தார்கள்.
அம்மாள் வருத்தமென்று வேப்பிலைக்குள் கிடந்த
தரம் நான்கு அபிநயனையும் சேர்த்து
ஐம்பத்தொன்று என்று எழுதினேன்.
நீல மை. அதிபரின் கையொப்பம்.
இறப்பர் முத்திரை மட்டும் கொஞ்சம் சரிவு.

கொழும்பில் ஒரு மேசை.
பிறகு மாகாணம், வலயம், கோட்டம்.
பிறகு அராலி.
தோட்டத்துக்கு இறைக்கிற தண்ணி மாதிரித்தான் காசும்:
முதற் பாத்திக்கு முட்ட முட்ட,
கடைசிப் பாத்திக்கு ஈரம்.

தலைக்கு இவ்வளவு என்று சுற்றுநிருபம் சொல்கிறது.
எந்தத் தலை என்று சொல்லவில்லை.
வாய்ப்பாடு ஓடாமல் சுவரில் முட்டுகிற தலையா,
காலமை சாப்பிடாமல் வந்து
பின்வாங்கில் கவிழ்ந்து கிடக்கிற தலையா.

பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில்
இரண்டாயிரத்து நூறு தலை.
எங்களுக்கு வெண்கட்டி சைக்கிள் கரியரில் வரும்,
அவர்களுக்கு லொறியில்.
அதில் எனக்குப் பொறாமை இல்லை.
ஆனால் ஒழுக்குக்கு எண்ணத் தெரியாது.
ஐம்பது பேருக்கு மேலே உடைந்தாலும்
ஐந்நூறு பேருக்கு மேலே உடைந்தாலும்
ஓட்டுக்கு ஒரே விலை, மேசனுக்கு ஒரே கூலி.
வலயக் கந்தோர்க் கணக்காளரிடம் இதைச் சொன்னேன்.
நல்ல மனிசன், தேத்தண்ணி தந்தார்.
"ஓடு வேற செலவுத் தலைப்பு, தங்கச்சி."
அதற்கும் ஒரு தலை இருந்தது,
எங்கள் பிள்ளைகளிடம் இல்லாத தலை.

ஈஸ்ற்ஹாமிலிருந்து ஒரு பழைய மாணவர்
வட்ஸ்அப்பில் கேட்டார்: என்ன தேவை?
மலசலகூடத்துக்குக் கதவு, இரண்டு, என்றேன்.
மூன்று நாள் நீலச் சரி மட்டும்.
ஆவணியில் வளைவு வந்தது,
தகப்பனின் பெயரோடு, கருங்கல்லில் பொன்னெழுத்தாக.
வளைவுக்குக் கதவு வைப்பதில்லை.

ஒக்ரோபரில் அபிநயனின் தாய் வந்தா.
விடுகைப் பத்திரம் வேணும்,
பட்டணத்தில் இடம் கிடைச்சிட்டுது,
வானும் பேசியாச்சு.
ஐம்பதுக்குக் கீழே போனால்
இணைக்கப்படும் பள்ளிக்கூடங்கள் என்றொரு பட்டியல் இருப்பதை,
நாங்கள் இப்போது அதன் வாசற்படியில் நிற்பதை,
நான் சொல்லவில்லை.
பிள்ளையைப் பிடித்துவைத்துக் கடன் கேட்பது மாதிரி அது.
எழுதிக் கொடுத்தேன்.
நடத்தை: மிக நன்று.

காசு நவம்பர் கடைசியில் வந்தது.
டிசம்பருக்குள் முடிக்காவிட்டால்
திறைசேரிக்கே திரும்பிவிடும்,
வந்த வழியில் ஒரு பாத்தியையும் நனைக்காமல்.
மூன்று கடையில் விலைமனு.
கொள்வனவுக் குழுவென்று நாங்கள் நான்கு பேர்,
அதில் ஒருவர் மகப்பேற்று விடுமுறை.
பற்றுச்சீட்டில் ஒரு எழுத்துப் பிழைக்காக
மழைக்குள் இரண்டாம் தரமும் கந்தோருக்குப் போனேன்.
கடைசியில் வந்து சேர்ந்தன
ஐம்பத்தொரு நிறப்பென்சில் பெட்டிகள்.

போன பிள்ளையின் காசு எங்களிடம்.
பிள்ளை போன இடத்திலோ
அடுத்த ஆனி வரைக்கும் அவன் கணக்கில் இல்லை.
இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் நடுவில்,
விடிந்தும் விடியாத கல்லுண்டாய் வெளியில்,
வான் யன்னலில் இடித்து இடித்து
நித்திரை கொண்டு போகிறது
அந்தத் தலை.

பொருட்பதிவேட்டில் எழுதினேன்.
பெற்றது ஐம்பத்தொன்று.
வழங்கியது ஐம்பது.
கணக்காய்வுக்கு வருகிறவர்கள்
மையால்தான் எழுதவேண்டும் என்பார்கள்.
மீதி ஒன்று என்பதை மட்டும்
பென்சிலால் எழுதினேன்.