பாரம்

மூணாவது பல்பும் எரியவில்லை.
காற்றாடி சுற்றுகிறது, பல்சக்கரம் சுற்றுகிறது,
எட்டு மில்லிமீட்டர் இருட்டில்
யாருடைய கல்யாணமோ
ஓடிக்கொண்டிருக்கிறது.

"சவத்தை எடைக்குப் போடும் வே" என்கிறார்
மைதீன் பிச்சை,
மேலப்பாளையத்தில் எனக்கு இதை விற்றவரே.

பல்பில் குற்றமில்லை.
மீட்டரின் இரண்டு ஊசியையும் வைத்தால்
கீச்சென்று கத்துகிறது, இழை முழுசு.
சாக்கெட்டிலும் பன்னிரண்டு வோல்ட், சுத்தமாக.
பல்பைச் செருகிய நொடி
ஒன்றுமில்லை.

பாரம் ஏறாதவரை
எல்லாருமே பன்னிரண்டுதான்.

கழற்றிப் பார்த்தேன்.
பீங்கானுக்குள் ஒரு கால் கருகி,
செம்பில் பச்சை பூத்து,
தொட்டும் தொடாமலும் நின்றது.
உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தேறவில்லை.
வண்ணார்பேட்டை பைக் கடையில்
முகவிளக்கு சாக்கெட் நாற்பது ரூபாய்;
கொஞ்சம் பெரிசு,
தகட்டை வளைத்து உட்கார வைத்து
கடைசித் திருகை முடுக்கும்போது
தெருவுக்கே கரண்ட் போயிற்று.

"இதுக்கும் அந்த சாக்கெட்தானா வே?"

டீ குடித்தோம். வியர்த்தோம்.
அவருடைய மருமகனின் கடன் பற்றிப் பேசினோம்.
சுவிட்சை அணைக்க மறந்திருந்தேன்.

பத்தே காலுக்குச் சுவரில் சடாரென்று
ஒரு வெள்ளைக் கட்டம்.
எப்போதோ ஓடி முடிந்த சுருளின் வால்
பட் பட்டென்று அடித்துக்கொண்டிருந்தது.
காலண்டர் ஆணி, காரை பெயர்ந்த இடம்,
இடமிருந்து வலமாக ஒரு பல்லி.

படத்தை மாட்ட எழுந்தேன்.
"இரியும்" என்றார்,
நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டு.